பத்து சென்டிமில் மூண்ட வேலைநிறுத்தம்

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் ‘ஜெர்மினல்’ நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1885-இல் புத்தகமாக வந்தது. வடக்கு பிரான்சில், 1860-களில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்தும் ஒரு வேலைநிறுத்தம்தான் கதை. பலர் இதில் வரும் கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதில் வரும் கூலிக் கணக்கு.

வெட்டி நிரப்பும் கரி வண்டிக்கு இவ்வளவு என்றுதான் அங்கே கூலி. மேலே பாறை சரியாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி கிடையாது. அந்த நேரத்தில் இன்னொரு வண்டி நிரப்பினால் வீட்டுக்கு ரொட்டி வருமே என்று முட்டு வேலையை அரைகுறையாக விடுகிறார்கள், நிர்வாகம் அபராதம் போடுகிறது, அப்புறம் ஒரு நாள் அறிவிப்பு ஒட்டுகிறார்கள்: முட்டு வேலைக்கு இனி தனிப் பணம், ஆனால் வண்டிக்கு 50 சென்டிம் இல்லை, 40தான். நூறு சென்டிம் சேர்ந்தால் ஒரு ஃபிராங்க், அதுதான் அன்றைய பிரெஞ்சுப் பணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், குறைத்த பத்து சென்டிமை முட்டுப் பணம் ஈடுகட்டவே இல்லை. தொழிலாளியின் உயிரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அவன் கூலியில் கை வைக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஸோலா இதையெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. 1884 பிப்ரவரியில் வடக்கு பிரான்சின் ஆன்சேன் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது நேரில் போனார், சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர் வீடுகளைப் பார்த்தார். நாவலில் வரும் சுரங்கத் தொழிலாளி மாயூவின், ஏழு பிள்ளைகளும் ஒரு தாத்தாவும் உள்ள குடும்பத்தில் ஒரு காசு குறைந்தால் யார் தட்டில் குறையும் என்று நமக்கே தெரிகிற மாதிரி அவர் எழுத முடிந்தது அதனால்தான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பசித்த கூட்டம் ஆவேசமாகும் பக்கங்களில் மனிதர்களை மிருகங்களாகவே காட்டிவிடுகிறார். அதுவரை ஒவ்வொருவரையும் பேர் சொல்லிப் பழகிய நமக்கு அது ஒட்டவில்லை.

ஆனால் மாயூவின் மனைவி மாயூத் இருக்கிறாளே, அவளை மறக்கவே முடியாது. பசியில் ஒரு மகளைப் பறிகொடுக்கிறாள், ராணுவத்தின் குண்டுக்குக் கணவன் சாகிறான், அப்போதும் தன் வீட்டில் யாராவது சுரங்கத்தில் இறங்கினால் கழுத்தை நெரிப்பேன் என்று நின்றவள். கடைசியில் வேலைநிறுத்தம் தோற்று, மிச்சமிருக்கும் சிறுபிள்ளைகளுக்காக நாற்பது வயதில் அவளே இறங்குகிறாள், கொதிக்கும் சூட்டில் பத்து மணி நேரம் சுரங்கத்துக்குள் காற்று வர விசிறியைக் கையால் சுற்றும் வேலைக்கு, ஒன்றரை ஃபிராங்க் கூலிக்கு. போராட்டத்தை முன்னின்று நடத்திய எத்தியேன் விடைபெற வரும்போது, உன் தப்பில்லை, எல்லாருடைய தப்பும்தான் என்கிறாள். அந்தக் கடைசி அத்தியாயம் வரைக்கும் விடாமல் படியுங்கள். நன்றி, வணக்கம்.