‘டு’வுக்குப் பின்னால் ஓர் ‘இங்’

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் கடிதமோ மின்னஞ்சலோ எழுதும் பலரும் கடைசி வரியில் வந்து சேரும் இடம், ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’. உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்பதற்கான சொற்றொடர். அதுவரை பிழையே விடாதவர்கள்கூட இங்கே வந்து ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதிவிடுவார்கள். ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பதுதான் சரி.

வம்பெல்லாம் இந்த ‘டு’வால் வருவது. அதற்கு இரண்டு வேலை. ‘ஐ வான்ட் டு ஹியர்’ என்றால் அது வினையோடு ஒட்டிக்கொண்டது. நம்முடைய ‘கேட்க’ மாதிரி. ‘ஐ வென்ட் டு லண்டன்’ என்றால் நம்முடைய ‘கு’ உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் பெயர்ச்சொல்தான் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த இரண்டாவது ‘டு’. அதனால் வினைச்சொல் அங்கே வர வேண்டுமென்றால் ‘இங்’ சேர்த்துக்கொண்டு தொழிற்பெயராகத்தான் வர முடியும்.

சந்தேகம் வந்தால், ‘டு’வுக்குப் பிறகு ‘யுவர் ரிப்ளை’ என்று போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ அழகாகப் பொருந்துகிறது. ‘வான்ட் டு யுவர் ரிப்ளை’ என்றால் உதைக்கிறது, இல்லையா? பொருந்துகிற இடத்தில் ‘இங்’ போடுங்கள்.

இதே சோதனை ‘யூஸ்டு டு’விலும் கைகொடுக்கும். அங்கே பிழை விட்டால் பொருளே மாறிவிடும். ‘ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்’ என்றால், முன்பு இரவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்’ என்றால், இரவு வேலை எனக்குப் பழகிப்போனது. வேலைக்கான விண்ணப்பத்தில் ஒன்றை எழுத நினைத்து இன்னொன்றை எழுதினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

அப்புறம், ‘ஐ லுக்’கா, ‘ஐ ஆம் லுக்கிங்’கா? இரண்டும் சரியே. முன்னது அலுவலகத் தொனி, பின்னது கொஞ்சம் நெருக்கமானது. ‘ஐ’யை விட்டுவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று மொட்டையாக முடிப்பது நண்பர்களுக்குப் போதும். விண்ணப்பத்தில் எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று. இந்தச் சொற்றொடரில் மகிழ்ச்சி கலந்திருக்கிறது. புகார்க் கடிதத்தில் ‘யுவர் ப்ராம்ப்ட் ரிப்ளை’ (உங்கள் உடனடிப் பதில்) என்று சேர்த்தால் மரியாதை குறையாமலே சற்றுக் கண்டிப்பாகவும் ஒலிக்கும், அது நல்லதுதான். ஆனால் இரங்கல் கடிதத்தின் அடியில் பழக்கதோஷத்தில் இதைப் போட்டுவிடாதீர்கள். அங்கே பதிலே கேட்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.