1752: பிரிட்டனில் பதினோரு நாள் குறைந்த ஆண்டு

அவையோருக்கு வணக்கம். ஓர் ஆண்டின் நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று பட்டியல் தொகுப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய தலைவலி தரக்கூடிய ஆண்டு பிரிட்டனின் 1752.

அவ்வாண்டு செப்டம்பர் 2, புதன்கிழமை. மறுநாள் வியாழன்தான், ஆனால் தேதி 14. பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறினார்கள். லீப் ஆண்டாக இருந்தும் 355 நாள்தான் தேறியது. செப்டம்பர் 7-இல் லண்டனில் ஒருவர் இறந்தார் என்று கண்டால் சந்தேகப்படுங்கள். ஒன்று அது பிழை. இல்லையேல் ஆகஸ்ட் 27-உடன் யாரோ பின்னாளில் 11 கூட்டியிருக்கிறார்கள்.

முந்தைய ஆண்டு இன்னும் மோசம். இங்கிலாந்தில் அதுவரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. புத்தாண்டை ஜனவரி 1-க்கு மாற்ற, 1751-ஐ டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டதால் அதற்கு 282 நாளே. பிரிட்டனின் பட்டத்து இளவரசர் பிரெடரிக் இறந்தது 1751 மார்ச் 20 என்று படிக்கிறோம். அன்றைய சட்டக் கணக்கில் அது 1750. அதனால்தான் 1750/51 என்று எழுதும் வழக்கம். ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே 1600 முதலே ஜனவரி 1-தான்.

எழுத்தாளர் பேனி பர்னி பிறந்தது 1752 ஜூன் 13. கவிஞர் சாட்டர்டன், நவம்பர் 20. முதலாவது பழைய கணக்கு, இரண்டாவது புதியது. மூலத்தில் உள்ள தேதியை அப்படியே வைத்து, பக்கத்தில் 'பழைய முறை' என்று குறியுங்கள். நீங்களாக மாற்றினால், ஏற்கெனவே மாற்றிய தேதியோடு இன்னொரு 11 சேர்ந்துவிடும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

நாட்காட்டியை மாற்றும் சட்டத்தை எழுதியவர்கள் விவரமானவர்கள். வாடகை, கடன் தவணை, 21 வயது நிறைவு எதுவும் முன்கூட்டி வராது என்று விதித்தார்கள். 1731 செப்டம்பர் 5-இல் பிறந்தவருக்கு 1752 செப்டம்பர் 16-இல்தான் 21 நிறையும். 'எங்கள் பதினோரு நாளைக் கொடு' என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்ற கதைக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. அதை நிகழ்வாகச் சேர்க்காதீர்கள்.

நம்மூருக்கும் இதில் பங்குண்டு. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிரான்ஸ் 1582-லேயே புதிய கணக்குக்குப் போய்விட்டது. யாருடைய காகிதம் என்று பாராமல் தேதியை எடுத்தால், ஒரே சரணடைதல் உங்கள் பட்டியலில் இருமுறை ஏறிவிடும்.