தக்கை போர்த்திய சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் குளிர்காலத்தைக் கழித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "வெளியே நிற்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் குளிருது" என்பார்கள். கட்டடப் பொறியாளராக அங்கே வேலைக்குப் போன முதல் ஜனவரியில் நானும் இதையேதான் சொன்னேன். வெளியே நல்ல வெயில். உள்ளே கல் சுவரில் கை வைத்தால் சில்லென்று ஏறும். கட்டிலுக்குப் பின்னால், இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலையில், கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. போர்ச்சுகலில் கட்டடங்களின் வெப்பம் பற்றிய முதல் விதிமுறையே 1990-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெறும் சுவர்தான், வெறும் கூரைதான்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னவென்றால், உலகத்தில் கிடைக்கும் தக்கையில் ஏறக்குறைய பாதி அந்த நாட்டில்தான் விளைகிறது. கார்க் என்று நாம் சொல்லும் அதே தக்கைதான், ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. குளிருக்குப் போர்வையாக அதைவிட நல்ல பொருளை நான் கையாண்டதில்லை. அது அங்கேயே காடு காடாக நிற்கிறது. மக்களோ வீட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. லிஸ்பனுக்கு அருகில் சிந்த்ரா மலையில் கபூச்சோஸ் மடம் என்று ஒன்று இருக்கிறது. 1560-ல் நிறுவியது. கோவாவில் போர்ச்சுகீசிய வைஸ்ராயாக இருந்து 1548-ல் அங்கேயே இறந்த ஜுவாவ் டி காஸ்த்ரோவின் விருப்பப்படி, அவர் மகன் கட்டிவைத்தது. பாறைக்கு நடுவே, எப்போதும் ஈரமும் பனிமூட்டமுமாக இருக்கும் இடம். துறவிகளின் அறைகள் அவ்வளவு சின்னவை, குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தக் கதவுகளிலும் கூரைகளிலும் தக்கைப் பட்டையைச் சீவாமல், இழைக்காமல், மரத்தில் இருந்தபடியே அறைந்து வைத்திருக்கிறார்கள். எளிமையாக வாழ்வதாக விரதம் பூண்டவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட கதகதப்பு அது.

அந்தப் பட்டைக்குள் என்னதான் இருக்கிறது? 1665-ல் ராபர்ட் ஹூக் மெல்லிய தக்கைச் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் 'செல்'. துறவியின் சிற்றறைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் ஏறக்குறைய 4 கோடி அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூடியது, உள்ளே காற்று. சுவரில் சூபரின் என்ற மெழுகு போன்ற பொருள் இருப்பதால் தண்ணீர் எளிதில் நுழையாது. அடைபட்ட காற்றால் அசைய முடியாது, அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. விஷயம் இவ்வளவுதான். 5 சென்டிமீட்டர் தக்கைப் பலகை செய்யும் வேலையைச் செங்கல் செய்ய வேண்டுமானால், சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம் இருக்க வேண்டும்.

அலென்டேஜு பகுதியில் பட்டை உரிப்பதை ஒரு ஜூன் மாதம் பக்கத்தில் நின்று பார்த்தேன். மரத்துக்கு இரண்டு பேர். கோடரியை ஓங்கிப் போடுவதில்லை. பட்டையின் வெடிப்பு ஓடும் வழியிலேயே அளவாக இறக்குகிறார்கள். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், பட்டை விட்டுக்கொடுக்கிறதா இல்லையா என்று. பிறகு கோடரியை லேசாகத் திருகினால், ஆள் உயரப் பட்டை ஓடு மாதிரி முழுசாகக் கழன்று வருகிறது. உள்ளே இருக்கும் உயிர்ப் பட்டையில் கீறல் பட்டால் மரத்துக்கே கேடு. அதனால் இந்த வேலைக்குக் கூலி அதிகம், கற்றுக்கொள்ளும் காலமும் அதிகம். உரித்த தண்டு ஈரமாக, செம்மஞ்சளாகப் பளபளக்கிறது. அதில் வெள்ளைச் சாயத்தால் அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை எழுதுகிறார்கள். 2024-ல் உரித்த மரத்தில் 4 என்று இருக்கும். 2033 வரை யாரும் அதைத் தொடக் கூடாது. ஒன்பது ஆண்டு இடைவெளி அங்கே சட்டம். முதல் உரிப்புக்கே மரம் சுமார் 25 வயது காத்திருக்க வேண்டும்.

நல்ல பட்டை ஒயின் பாட்டில் மூடிக்குப் போய்விடும். கட்டடப் பலகைக்கு வருவது பெரும்பாலும் மற்றவர்கள் விரும்பாத சரக்கு: கிளை கழிக்கும்போது கிடைக்கும் கொம்புப் பட்டை, மூடி செய்தது போக மிஞ்சியது. அதைக் குருணையாக்கி, மூடிய கொப்பரையில் போட்டு, 300 டிகிரிக்கு மேல் சூடேறிய நீராவியைச் செலுத்துவார்கள். குருணை உப்பும், அதன் பிசினே கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பசை ஒரு சொட்டுகூடச் சேர்ப்பதில்லை. இந்த முறை 1891-ல் நியூயார்க்கில் ஜான் ஸ்மித் என்பவர் தற்செயலாகக் கண்டது. கொப்பரையிலிருந்து கறுத்த பழுப்பு நிறத்தில், காப்பிக்கொட்டை வறுத்த வாசனையோடு கட்டி வெளியே வரும். ரம்பத்தால் ரொட்டி மாதிரி அறுக்கலாம்.

சரி, இது எல்லாருக்கும் ஏற்றதா? இல்லை. வெப்பத்தைத் தடுப்பதில் தெர்மாகோலும் இதற்குச் சமம்தான், நல்ல ரகம் கொஞ்சம் மேல்கூட. பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரை இன்னும் மேல். விலையோ தக்கைக்குத்தான் கணிசமாகக் கூடுதல். தக்கை எரியாது என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். மெதுவாகக் கருகும் என்பதுதான் சரி. அப்புறம் ஒரு கணக்கு. 100 சதுர மீட்டர் வெளிச்சுவருக்கு 10 சென்டிமீட்டர் பலகை போட்டால், ஒரு வீட்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். உலகத்தின் ஆண்டு விளைச்சல் மொத்தமே சுமார் 2 லட்சம் டன். பாட்டில் மூடி ஒன்றுகூடச் செய்யாமல் அத்தனையையும் சுவருக்கே கொடுத்தாலும், ஆண்டுக்கு 2 லட்சம் வீடுகளைத் தொடாது. போர்ச்சுகலில் மட்டும் ஏறக்குறைய 60 லட்சம் வீடுகள். நம்ம ஊர் மொட்டை மாடிக்குப் போடலாமா என்று என்னைப் பலர் கேட்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் கப்பல் ஏற்றிக் கொண்டுவரும் முன், மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள்.

தக்கை இருக்க வேண்டிய இடம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தப் பழைய கல் வீடுகள். அந்தச் சுவருக்குள் எப்போதும் ஈரம் போய்வந்துகொண்டிருக்கும். மேலே ஆவி புகாத பூச்சை ஒட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். தக்கை ஆவியை வெளியே விடும், குளிரை மட்டும் நிறுத்தும். பலகையைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலேயும் சுண்ணாம்பே பூச வேண்டும்.

வேலை பார்க்கும்போது கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விடக் கூடாது. முக்கியமாக ஜன்னல் ஓரம். நான் மேற்பார்த்த முதல் வீட்டில் சுவர் முழுக்க 8 சென்டிமீட்டர் போட்டோம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள பக்கவாட்டுச் சுவரை, "இவ்வளவு சின்ன இடம்தானே" என்று விட்டுவிட்டேன். அடுத்த குளிர்காலத்தில் மற்ற சுவரெல்லாம் காய்ந்து கிடந்தது. ஜன்னலைச் சுற்றி மட்டும், கோடு போட்டது மாதிரி, பூஞ்சணம். பூச்சைக் கொத்தியெடுத்து 2 சென்டிமீட்டர் தக்கையை அங்கே செருகிய பிறகுதான் நின்றது.