அமெலும் அனெரியும் சேர்ந்தால் குட்டி ஏன் சாதா நிறத்தில் வருகிறது?

வணக்கம் மக்களே. போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். அவனிடம் இரண்டு கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கிற ஒரு வகைப் பாம்பு) இருக்கிறது. அமெல், அனெரி இரண்டும் அதில் வரும் நிற வகைகள். ஆண் அமெல், உடம்பெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையும், கண் சிவப்பு. பெண் அனெரி, சாம்பலும் கறுப்பும். 14 முட்டை, இரண்டு மாதம் பொத்திப் பொத்திப் பார்த்து, கடைசியில் பொரிந்த 14 குட்டியும் காட்டில் இருக்கிற கார்ன் ஸ்நேக்கின் சாதா நிறம். "அண்ணே, என்னை ஏமாத்திட்டாங்கண்ணே" என்றான், பாவம், குரலே உடைந்துவிட்டது.

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. அந்த 14 குட்டியும் அருமையான குட்டிகள்.

(திரையில்: செவ்வாழை மூட்டில் முளைத்த கன்று)

செவ்வாழைக் கன்றைப் பிரித்து நட்டால் செவ்வாழை, மட்டிக் கன்றை நட்டால் மட்டி, அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கன்று தாயின் உடம்பில் ஒரு துண்டு. பாம்புக்குட்டிக்கோ ஒவ்வொரு ஜீனிலும் அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று என்று இரண்டு பிரதி.

இந்தப் பாம்பின் தோலில் கறுப்பு, சிவப்பு இரண்டு நிறமியும் உண்டு. அமெலுக்குக் கறுப்பு உருவாகாது. ஓசிஏ2 என்ற ஜீனுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு போய்ச் செருகிக்கொண்டதுதான் காரணம் என்று 2015ல் ஜெனீவா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. அனெரிக்குச் சிவப்பு உருவாகாது, அது வேறு ஜீன். இரண்டுமே ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளியே தெரியும்.

இப்போது பாருங்கள். அமெல் அப்பாவிடம் கறுப்பு ஜீன் பழுது, சிவப்பு ஜீன் நல்லது. அம்மாவிடம் நேர் எதிர். அதனால் ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது, இரண்டு நிறமும் உருவாகிறது, ஆனால் இரண்டு பழுதும் உள்ளே ஒளிந்திருக்கிறது. இதைத்தான் டபுள் ஹெட் என்பார்கள். ஹெட் என்றால் தலை இல்லை, ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பழுது என்பதைக் குறிக்கும் ஹெட்டிரோசைகஸ் என்ற சொல்லின் சுருக்கம்.

(திரையில்: 16 கட்டம்)

சரி, இரண்டு டபுள் ஹெட்டைச் சேர்த்தால்? கட்டம் போட்டுக் குழம்ப வேண்டாம், ஒவ்வொரு ஜீனையும் தனியாகக் கணக்குப் போடுங்கள். கறுப்பு இல்லாமல் வர நாலில் ஒரு வாய்ப்பு, சிவப்பு இல்லாமல் வர நாலில் ஒன்று. பெருக்கினால் 16ல் ஒன்று, கறுப்பும் சிவப்பும் இல்லாத ஸ்நோ, இளம் ரோஸ் கலந்த வெள்ளை. மீதியில் சாதா 9, அமெல் 3, அனெரி 3.

அதற்காக 16 முட்டையில் ஒரு ஸ்நோ நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றுகூட வராமல் போக சுமார் 36 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. நான் சொல்வது, அண்ணன் தங்கையைச் சேர்க்காமல், வேறு வம்சத்து ஸ்நோ ஒன்றோடு உன் டபுள் ஹெட்டைச் சேர். ஸ்நோ எப்போதும் பழுதான பிரதியையே தரும், அதனால் ஒவ்வொரு ஜீனிலும் வாய்ப்பு பாதி. பாதி பெருக்கல் பாதி, நாலில் ஒன்று ஸ்நோ!

அப்புறம், கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. வயலில் கிடைக்கிற சாரையை இப்படி வளர்க்கலாமா என்று யாரும் கேட்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

தம்பி, குட்டியை யாருக்குக் கொடுத்தாலும் டப்பா மேலே அப்பா அமெல், அம்மா அனெரி என்று எழுதிக் கொடு. அது இல்லையென்றால் வாங்குகிறவருக்கு அது வெறும் சாதா பாம்பு.