எலும்பு கூடவில்லை, வழக்குப் போடலாமா?

வணக்கம் நேயர்களே. நுகர்வோர் ஆணையத்தில் வழக்காடும் வக்கீல் நான். எக்ஸ்ரே கவரோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "எலும்பு இன்னும் கூடலை சார், ஆஸ்பத்திரி மேல கேஸ் போடலாமா?"

கூடவில்லை என்பது மட்டும் வழக்கு ஆகாது. கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்புக்கு ரத்த ஓட்டமே குறைவு. கெட்டிக்கார டாக்டர் பார்த்தாலும் அங்கே முறிவு மெதுவாகத்தான் சேரும். சர்க்கரை நோயும் சிகரெட்டும் இருந்தால் இன்னும் இழுக்கும். அதே துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு மருத்துவர் செய்யக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் நான் முதலில் தேடுவது தேதிகளை. பைக்கிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்த ஒருவர் வந்தார். அவருடைய எக்ஸ்ரேக்களை வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நான்காம் மாதமும் இடைவெளி அப்படியே இருந்தது. ஆத்திரத்தோடுதான் வந்திருந்தார். ஆனால் அந்த மாதச் சீட்டின் அடியில் டாக்டர் எழுதியிருந்தார்: எலும்பு ஒட்டு அறுவை செய்யச் சொன்னேன், நோயாளி மறுத்துவிட்டார். கையெழுத்தும் இருந்தது. "வேற இடத்துல கட்டுப் போட்டா சரியாகிடும்னு சொன்னாங்க சார்" என்றார் மெதுவாக. வழக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

இன்னொரு பெண்மணி வழுக்கி விழுந்து கையை ஊன்றியவர். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று முந்திரிப் பருப்பு அளவில் ஓர் எலும்பு உண்டு. அது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. டாக்டர் அதைத் தவறவிட்டதில் குற்றமில்லை. சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். இவர் மூன்று முறை வலி என்று போயிருக்கிறார். மூன்று சீட்டிலும் 'சுளுக்கு', வலி மாத்திரை. இரண்டாவது எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. இதில் வழக்கு இருக்கிறது என்றேன்.

சரி, என்ன செய்வது? ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. அவற்றை இன்னொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் எலும்பு விஷயத்தில் அது இல்லாமல் போவது, என் அனுபவத்தில், வெறுங்கையோடு போவதுதான். சிகிச்சைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அதற்கு வேறு நீதிமன்றம்.

அப்புறம் கெடு: இரண்டு வருடம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள், ஆனால் அதை நம்பி உட்காரக்கூடாது. அந்தப் பெண்மணி வந்த அன்று முதல் சீட்டின் தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். மீதி 11 நாள். அதிலும் இரண்டு ஞாயிறு.