கவ்வாத்துச் செடியிலிருந்து அரூப ஓவியம்

அடுத்த கேள்வி, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் அனுப்பியது. "தரம் 4 பிள்ளைகளுக்கு அரூப ஓவியம் சொல்லிக்கொடுக்கலாமா? பெற்றோர் பார்த்துவிட்டு, வெறும் கிறுக்கல்தானே என்றால் என்ன சொல்வது?"

தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம் டீச்சர். அரூப ஓவியம் என்றால் பொருளை அப்படியே வரையாமல் கோடு, நிறம், வடிவத்தால் காட்டுவதுதானே. ஆனால் தாளைக் கொடுத்து, "மனதில் தோன்றுவதை வரையுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். பாதிப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன் வரைவார்கள். மற்றவர்கள் பக்கத்துக் கொப்பியைப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. ஒன்றை உற்றுப் பார்த்த பிறகுதானே அதில் எதை விடலாம் என்று தெரியும்?

மொண்ட்ரியான் என்ற ஒல்லாந்து ஓவியர் அப்படித்தான் அரூபத்துக்கு வந்தார். 1908இல் அவர் தொடங்கிய சிவப்பு மரத்தைப் பார்த்ததும் மரம் என்று தெரியும். 1911இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. 1912இல் பூத்த ஆப்பிள் மரம். அதில் கோடும் இடைவெளியும்தான் மிச்சம். இந்த மூன்றையும் ஃபோனில் காட்டுங்கள், அதிகம் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் வெளியே கூட்டிப் போங்கள். நம் மலையில் இதற்குத் தோதானது கவ்வாத்து வெட்டிய தேயிலை, அதாவது மறுபடி துளிர்க்கக் கிளைகளை வெட்டிவிட்ட செடி. இலையெல்லாம் போய், பாசி படிந்த கிளை முண்டும் முடிச்சுமாக நிற்கும். வெட்டிய நுனி கூராக இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே செடியை மூன்று தாளில் வரையச் சொல்லுங்கள். முதலில் கண்ணில் தெரிவது போலவே. அடுத்தது கிளை போகும் திசை மட்டும். மூன்றாவதில் கிளையே வேண்டாம், கிளைகளுக்கு நடுவே தெரியும் வெளியை நிறத்தால் நிரப்பட்டும்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்றாவது தாளில் ஓர் இடத்தை மட்டும் வெள்ளையாகவே விட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அதுக்குள்ளாலதான் சேர் எங்க லயம் தெரிஞ்சது" என்று தான் இருக்கும் தோட்டத்து வரிசை வீட்டைச் சொன்னது. அந்த வெள்ளை யோசித்து விட்ட வெள்ளை. கிறுக்கலில் அது இருக்காது.

பேஸ்டல் இல்லையென்றால் அடுப்புக்கரியும் கடுந்தேயிலைச் சாயமும் போதும். "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை பயந்துபோய், பூ, மீன் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கும். "இந்த நிறத்தை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள்.

சரி, பெற்றோருக்கு வருவோம். மூன்று தாளையும் வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவதை மட்டும் பார்த்தால் யாருக்கும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆனால் பெற்றோரில் பலர் தோட்ட வேலையில் அந்தச் செடியைத் தினமும் தொடுகிறவர்கள். முதல் தாளைப் பார்த்ததுமே அது தோட்டத்தில் எத்தனையாம் நம்பர் மலைச் செடி என்று சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து மற்ற இரண்டையும் பிள்ளையே சொல்லிக் காட்டட்டும்.