பழைய லாரியில் நிற்காத ஆயில் கசிவு: கியர் பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: வேலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறை. பழைய டாடா 1613 நிற்கிறது. அடியில் விரித்த அட்டையில் ஆயில் சொட்டுகள்.]

வணக்கம். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்ச் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுகிறது என்று எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் ஒரே தீர்ப்புதான்: இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்குவார்கள், சீலை மாற்றுவார்கள், ஏற்றுவார்கள். கூலியும் போகும், அன்றைய லோடும் போகும். அடுத்த வாரம் பார்த்தால் அதே இடத்தில் அதே சொட்டு.

இந்த வண்டியும் அப்படி வந்ததுதான். உள்ளே இருப்பது கம்மின்ஸ் 6பிடி இன்ஜின்: ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், டர்போ. ஓனர் குடியாத்தத்துக்காரர், தன் வண்டியைத் தானே ஓட்டுபவர். வேறொரு இடத்தில் பின் சீல் மாற்றி அதிக நாள் ஆகவில்லை. "போலி சீலைப் போட்டுவிட்டார்களோ அண்ணா?" என்று கேட்டார். சீல் நல்ல சீல்தான். ஆயில்தான் அங்கிருந்து வரவில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இப்போது காட்டப்போகிறேன்.

முதலில், சொட்டுவது எந்த ஆயில்? ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு. மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். கியர் பாக்ஸின் முன் சீல் போனாலும் இதே ஹவுசிங் வழியாகத்தான் ஒழுகும். டீசல் என்றால் விரலில் தண்ணீராக ஓடும், வாசனையே சொல்லிவிடும். இங்கே வந்தது கறுப்பு, வழவழப்பு. இன்ஜின் ஆயில்தான்.

[காட்சி: மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு இன்ஜினைத் தேய்த்தல்.]

அடுத்தது கழுவுதல். எட்டு ஆண்டைத் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், எடுக்க வேண்டும். நம் ஊரில் பல இன்ஜின்கள் தண்ணீரைப் பார்ப்பது அந்த ஒரு நாளில்தான். கழுவியதும் கசிவு மறைந்துவிட்டது என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறோம். உண்மையில் கசிவைத் தேடுவதற்கு ஆண்டிலேயே அதைவிட நல்ல நாள் கிடையாது. இன்ஜின் ஆறியபின் பழைய பிசுக்கை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி எடுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மேல் தண்ணீர் பீய்ச்சாமல் மூடி வையுங்கள். கழுவிய அழுக்கைச் சாக்கடையில் விடாதீர்கள். மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளிவிடுங்கள். பாலாறு இதுவரை வாங்கிக்கொண்டதே போதும்.

நன்றாகக் காய்ந்தபின் சந்தேகமான பக்கம் முழுக்க முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். சாக்பீஸ் தூளும் ஆகும். பிறகு இன்ஜினைச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு, டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். சூடான ஆயில் இளகி ஓடும். குளிர்ந்த இன்ஜினில் காட்டாத கசிவைச் சூட்டில்தான் காட்டும். பவுடரில் கோடு விழும்.

ஒழுகும் ஆயில் இரண்டு திசையில் போகும். ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கும். ஃபேன் காற்றும் ஓட்டத்தில் அடிக்கும் காற்றும் பின்னால் தள்ளும். ஆகவே முன்னால் மேலே எங்கேயோ பிறந்த கசிவு, பிளாக் ஓரமாக நடந்து வந்து, கடைசியில் இன்ஜினின் அடியில் பின்கோடியில் சொட்டும். அந்தப் பின்கோடியில்தான் கிளட்ச் ஹவுசிங் இருக்கிறது. அதிகமாக நனைந்த இடத்தைத் தேடாதீர்கள். நனைந்தவற்றிலேயே எது உயரம், எது முன்னால் என்று தேடுங்கள்.

[காட்சி: டார்ச் வெளிச்சத்தில் டீசல் பம்ப்பின் பின்புறம். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு இறங்குகிறது.]

இதோ. டீசல் பம்ப்புக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில், வால்வுகளை இயக்கும் புஷ்ராடு கம்பிகள் இருக்கும் அறையை மூடும் கவர். கசிவைத் தடுக்க அதன் அடியில் வைக்கும் பேக்கிங்கின் கீழ் விளிம்பிலிருந்து கோடு புறப்படுகிறது. அங்கிருந்து ஆயில், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் விளிம்புக்கு இறங்கி, அந்த விளிம்பையே வாய்க்கால் வரப்பாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், ஹவுசிங்கில் ஏறிச் சொட்டுகிறது. பம்ப் மறைப்பதால் நின்றபடி பார்த்தால் தெரியாது.

சரி, பேக்கிங்கை மாற்றினால் முடிந்ததா? அவசரப்பட வேண்டாம். இந்தக் கவருக்குள் ஆயில் பம்ப்பின் அழுத்தத்தில் ஆயில் நிற்பதில்லை. மேலிருந்து வழிந்து இறங்கும் ஆயில்தான். சும்மா வழியும் ஆயில் பேக்கிங்கைத் தள்ளிக்கொண்டு இவ்வளவு வருகிறது என்றால், பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது.

தள்ளுவது காற்று. எவ்வளவு நல்ல இன்ஜினானாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற பிரீத்தர் குழாய் ஒன்று உண்டு. பழைய இன்ஜினில் அது பிளாக்கிலிருந்து கீழே இறங்கித் திறந்த வெளியில் முடியும். அந்த வாய் அடைத்தால், உள்ளே சேரும் வாயு வேறு வழி தேடும். எந்த பேக்கிங், எந்த சீல் பலவீனமோ அதுதான் வழி. இன்று பக்கக் கவர், அதை இறுக்கினால் நாளை இன்ஜின் தலைமேல் உள்ள டாப்பெட் கவர், அதற்கடுத்து நீங்கள் புதிதாகப் போட்ட பின் சீல்.

[காட்சி: கழற்றிய பிரீத்தர் குழாய். உள்ளே கெட்டியான செம்மண் அடைப்பு.]

இந்த வண்டி லோடு இல்லாமல் சில வாரம் சும்மா நின்றிருக்கிறது. குழாய்க்குள் குளவி மண் கூடு கட்டியிருக்கிறது. ஆயில் ஆவியும் புழுதியும் சேர்ந்து அதைச் சிமென்ட் மாதிரி ஆக்கிவிட்டன. கம்பியால் குத்தியபோது உதிரவில்லை. குழாயை முழுதாகக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, உடைத்து உடைத்துத்தான் எடுத்தோம். குழாய் வண்டியில் இருக்கும்போதே குத்தாதீர்கள். மண் உள்ளே விழுந்தால் பேரிங்குக்கு ஆபத்து.

குழாயைத் திறந்தபின் ஒரு சோதனை. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கினால் கவலையில்லை. மூடி துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன. எத்தனை சீல் மாற்றினாலும் அந்த இன்ஜின் ஒழுகும். அதற்கு மருந்து இன்ஜின் வேலைதான்.

ஆனாலும் ரிங்மேல் பழி போடும் முன் ஏர் கம்ப்ரஸரையும் பாருங்கள். அது இன்ஜின் ஆயிலிலேயே ஓடுகிறது, ஆயில் திரும்பும் வழியும் இன்ஜினுக்குள்தான். அதன் ரிங் தேய்ந்தால் அழுத்திய காற்றையும் இன்ஜினுக்குள் ஊதும். ஏர் டாங்கின் அடி வால்வைத் திறந்துவிடும்போது தண்ணீரோடு ஆயிலும் நிறைய வந்தால் சந்தேகம் அங்கே போகட்டும். இதைப் பார்க்காமல் முழு இன்ஜினையும் பிரித்துப் போட்டுச் செலவழித்தவர்கள் உண்டு.

இந்த வண்டியில் மூடி அமைதியாக இருந்தது. எனவே கவர் பேக்கிங் மட்டும். இடம் இடுக்கு, டீசல் பம்ப்பைக் கழற்றித்தான் கை நுழையும் என்றால் டைமிங்கை, அதாவது பம்ப் டீசல் அடிக்கும் நேரக் கணக்கை, குறித்துக்கொண்டு கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது டைமிங் பார்த்தே மாட்டுங்கள். தெரியாதவர் இதில் கை வைக்க வேண்டாம். பழைய பேக்கிங் துணுக்கைச் சுரண்டும்போது இரும்பில் கீறல் விழக் கூடாது. அப்புறம் இந்த அனபாண்ட் பசைப் பிரச்சினை. இட்லிக்குச் சட்னி போல அள்ளிப் பூசுகிறார்கள். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, உதிர்ந்து, சம்ப்பில் இருக்கும் சல்லடையை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும். பேக்கிங் இருக்கும் இடத்தில் பேக்கிங்கே போதும்.

உண்மையிலேயே பின் சீல்தான் குற்றவாளி என்றால்? கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் இறங்கியபின் கிராங்க் ஷாஃப்ட்டில் சீல் உட்கார்ந்த இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால், பழைய சீலின் உதடு அங்கே கோடு அறுத்திருக்கிறது. அதே இடத்தில் புது சீலை வைத்தால் புது சீலும் ஒழுகும். அந்த இடத்தின்மேல் மெல்லிய வளையமான ஸ்லீவ் போட வேண்டும், இல்லை சீலைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைக்க வேண்டும். இன்னொன்று: கறுப்பு ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவிப் போடுவோம். இந்த கம்மின்ஸ் இன்ஜினின் டெஃப்லான் உதட்டு சீலுக்கு அது கூடாது. சீலும் ஷாஃப்ட்டும் சொட்டு ஆயில் இல்லாமல் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஆயில் தடவிப் போட்டு, சீலையே திட்டுகிறோம்.

[காட்சி: சம்ப் டிரெயின் பிளக். சிவக்கக் காய்ந்த செம்பு வாஷர்.]

டிரெயின் பிளக்கிலும் சிறு ஈரம் இருந்தது. செம்பு வாஷர் நசுங்க நசுங்கக் கெட்டியாகிவிடும்; அதன்பின் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது, மரைதான் போகும். புதிது கைவசம் இல்லையென்றால் வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செம்பு மறுபடி மெதுவாகும். சம்ப் போல்ட்டுகளையும் வெறி கொண்டு முறுக்காதீர்கள். ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். கழற்றும்போது அந்தக் குழிகளைத் தட்டிச் சமமாக்கியபின் மாட்டுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் நிற்கும் என்பவர்களும், கசிவை நிறுத்தும் திரவம் ஊற்றுபவர்களும் உண்டு. அடைத்த பிரீத்தருக்கு அவை ஒன்றும் செய்யாது.

சோதனை ஓட்டத்துக்கு வண்டியைக் காட்பாடிவரை ஓட்டிவிட்டு வந்தால் போதாது. ஏற்றத்தில் இன்ஜின் இழுக்கும்போதுதான் உள்ளே வாயு அதிகமாகும். லோடோடு பேரணாம்பட்டு வழியாக வி.கோட்டா மலைப்பாதையில் ஏற்றி இறக்கிக் கொண்டுவரச் சொன்னோம். திரும்பி வந்ததும் பம்ப்பின் பின்பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

[காட்சி: டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தல்.]

இனி ஓனர் செய்ய வேண்டியது: சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. வண்டி நாள்கணக்கில் நின்றால், எடுக்கும் முன் பிரீத்தர் வாயை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். ஏர் கம்ப்ரஸரைப் பிரித்து ரிங் பார்ப்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.